மீட்டரில் ஓடியது 35 யூனிட். காரில் ஏறியது 30 யூனிட்! மீதி 5 யூனிட் எங்கே?

திருத்தணி,

மின்சார கார் வாங்கி வீட்டில் சார்ஜ் போடுகிறவர்களை குழப்புகிற கணக்கு இது. "காரில் 30 யூனிட்தானே ஏறியிருக்கு? மீட்டர் ஏன் 35 காட்டுது? மீட்டர் கோளாறா, கார் கோளாறா?"

இரண்டும் இல்லை. மீட்டரும் சரி, காரும் சரி. நடுவில் 5 யூனிட் சூடாகப் போய்விட்டது! அதற்கும் சேர்த்துத்தான் கரண்ட் பில் வருகிறது.

முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்றான திருத்தணி, சென்னை-திருப்பதி ரோட்டில் இருக்கிறது. கிருத்திகை என்றால் மலை அடிவாரத்தில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். பச்சை நம்பர் பிளேட் போட்ட மின்சார கார்களும் இப்போது அந்த ரோட்டில் ஓடுகின்றன.

சென்னையில் இருந்து திருத்தணிக்கு சுமார் 85 கிலோ மீட்டர். போய் வர 170 கிலோ மீட்டர். 100 கிலோ மீட்டருக்கு 15 யூனிட் பிடிக்கிற கார் என்றால், சாமி கும்பிட்டுவிட்டு வீடு திரும்பும்போது பேட்டரியில் 25 யூனிட் குறைந்திருக்கும். அதை வீட்டு பிளக்கில் திரும்ப நிரப்பினால் மீட்டரில் 29 அல்லது 30 யூனிட் ஓடிவிடும்.

மலையா, பிளக்கா?

"மலைப் பாதையில் ஏறினோமே, அதனால்தான் கரண்ட் போயிடுச்சு" என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் விஷயம் வேறு.

1½ டன் எடையுள்ள காரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற கூடுதலாக அரை யூனிட் போதும். இறங்கும்போது மோட்டாரே டைனமோ மாதிரி வேலை செய்து, அதில் ஒரு பங்கை பேட்டரிக்கு திருப்பிக் கொடுத்துவிடும்.

வீட்டு பிளக்கில் போகிற 5 யூனிட் அப்படி இல்லை. போனது போனதுதான்!

4 இடத்தில் கசிவு

இந்த கரண்ட் எங்கே போகிறது? அதன் விவரம் வருமாறு:-

வீட்டுக்கு வருவது ஏ.சி. கரண்ட். பேட்டரிக்கு வேண்டியது டி.சி. கரண்ட். அதை மாற்றித் தரும் சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. மாற்றும்போது ஒரு பங்கு சூடாகிப் போகும். செல்போன் சார்ஜர் தொட்டால் சுடுகிறதே, அதே கதைதான். இது முதல் இடம்.

2-வது, காரின் கம்ப்யூட்டர். சார்ஜ் ஏறுகிற நேரம் முழுவதும் அது விழித்திருக்கும். பேட்டரியை குளிர வைக்கும் பம்பும் மின்விசிறியும் இடையிடையே ஓடும். இதற்கு 200 வாட் என்று வைத்துக்கொண்டால், 10 மணி நேரத்தில் 2 யூனிட் காலி.

3-வது, ஒயர். மெல்லிய ஒயரில் அதிக கரண்ட் போனால் ஒயரே சூடாகும்.

4-வது, பேட்டரி. கரண்டை உள்ளே வாங்கும்போது அதுவும் கொஞ்சம் சூடாகிறது. 2001-ல் பெங்களூரில் வெளியான ரேவா காரில் இருந்தது பழைய ஈய-அமில பேட்டரி. இப்போது வருகிற லித்தியம் பேட்டரியில் இந்த நஷ்டம் அதைவிட குறைவு.

மெதுவாக ஏறினால் நஷ்டம் அதிகம்

"மெதுவா சார்ஜ் போட்டால் கரண்ட் மிச்சம்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. மெதுவாகப் போட்டால் பேட்டரிக்கு நல்லது என்பார்கள். ஆனால் மீட்டருக்கு நல்லதல்ல!

காரணம் இதுதான். 15 ஆம்பியர் பவர் பிளக்கில் சுமார் 3 கிலோவாட் ஏறும். 30 யூனிட் பேட்டரி நிரம்ப 10 மணி நேரம் ஆகும். காரின் கம்ப்யூட்டரும் 10 மணி நேரம் விழித்திருக்கும். சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் 4½ மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். 2 யூனிட் தின்கிற கம்ப்யூட்டர் ஒரு யூனிட்டுக்குள் நின்றுவிடும்.

பேட்டரி பெரிதானால் நேரமும் கூடும். 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த டாட்டா நெக்சான் மின்சார காரின் பேட்டரி 30.2 யூனிட். ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஹூண்டாய் ஆலையில் இருந்து 2019-ல் வந்த கோனா காருக்கு 39.2 யூனிட். சாதாரண பவர் பிளக்கில் அதை முழுதாக நிரப்ப சுமார் 13 மணி நேரம் ஆகும்.

ஜெர்மனி நாட்டின் ஏ.டி.ஏ.சி. என்ற மோட்டார் சங்கம் 2022-ல் இதை சோதித்துப் பார்த்தது. சாதாரண வீட்டு பிளக்கில் 10 முதல் 30 சதவீதம் வரை நஷ்டம், சுவர் சார்ஜரில் 5 முதல் 10 சதவீதம்தான் நஷ்டம் என்று அந்த சங்கம் அறிவித்தது.

அங்கே குளிர். இங்கே வெயில். கோடையில் வெயில் கொளுத்தும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி பெயர் அடிக்கடி வருவது பத்திரிகை படிப்பவர்களுக்கு தெரியும். உச்சி வெயிலில் நின்று கொதித்துப்போன காரை அப்படியே பிளக்கில் மாட்டினால், பேட்டரியை குளிர வைக்கவே கரண்ட் செலவாகும்.

உச்ச விலையில் நஷ்டம்!

5 யூனிட்தானே என்று விட்டுவிட முடியாது. பில்லில்தான் இடி விழுகிறது!

ஒரு வீட்டில் 2 மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் 2 மாதத்தில் 2,000 கிலோ மீட்டர் ஓடினால் பேட்டரிக்கு 300 யூனிட் வேண்டும். மீட்டரில் 350 யூனிட் ஓடும். மொத்தம் 750 யூனிட்.

தமிழ்நாட்டில் யூனிட் கூடக் கூட விலையும் கூடும். 2024 ஜூலையில் அமலான கட்டணப்படி 501 முதல் 600 யூனிட் வரை ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் 55 காசு. 601 முதல் 800 வரை 9 ரூபாய் 65 காசு. 500 யூனிட்டைத் தாண்டினாலே கீழ்ப்படியில் கிடைக்கிற சலுகையும் குறைந்துவிடும்.

ஆக, வீணாகும் 50 யூனிட்டும் கடைசிப் படியில், 9 ரூபாய் 65 காசு விலையில் போய் உட்காருகிறது. 2 மாதத்துக்கு 482 ரூபாய் 50 காசு. வருடத்துக்கு சுமார் 2,900 ரூபாய். ஒரு கிலோ மீட்டர்கூட ஓடாத கரண்டுக்கு இந்தப் பணம்!

இப்படிச் சொன்னதால் பெட்ரோல் காரே மேல் என்று முடிவு கட்ட வேண்டாம். லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் கொடுக்கிற பெட்ரோல் காருக்கு அதே 2,000 கிலோ மீட்டருக்கு 133 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டாலே 13,300 ரூபாய். மின்சார காருக்கு நஷ்டத்தையும் சேர்த்து 3,400 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

பிளக் சுட்டால் உஷார்!

பில்லைவிட பெரிய ஆபத்து ஒயரில் இருக்கிறது.

பழைய வீடுகளில் வாசல் பக்கம் இருக்கிற பிளக்குக்கு ஒன்றரை எம்.எம். ஒயர்தான் இழுத்திருப்பார்கள். போர்டில் இருந்து 20 மீட்டர் தூரம் அந்த ஒயரில் 14 ஆம்பியர் கரண்ட் 10 மணி நேரம் போனால், ஒயரிலேயே சுமார் ஒரு யூனிட் சூடாகிப் போகும். 4 எம்.எம். ஒயர் என்றால் அரை யூனிட்கூட போகாது.

அயர்ன் பாக்ஸ் 10 நிமிடம் ஓடும். ஹீட்டர் கால் மணி நேரம் ஓடும். கார் ராத்திரி முழுவதும் இழுக்கும். அந்த சூட்டை ஒன்றரை எம்.எம். ஒயரும், லூசான பிளக்கும் தாங்காது. பிளக் உருகும், ஒயர் கருகும். வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் நடக்கக்கூடியது இது!

எக்ஸ்டென்ஷன் பாக்சில் கார் சார்ஜரை மாட்டுவது கூடவே கூடாது. சார்ஜ் போட்ட அரை மணி நேரம் கழித்து, சுவிட்சை நிறுத்திவிட்டு பிளக்கை தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால், அந்த பிளக்கில் அதன் பிறகு சார்ஜ் போடக் கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

நீங்களே கண்டுபிடிக்கலாம்

வீட்டில் எவ்வளவு நஷ்டம் என்று பார்க்க என்ஜினீயர் வேண்டாம். காருக்கு தனி லைன் இழுத்து அதில் ஒரு சப்-மீட்டர் மாட்டினால் போதும்.

30 யூனிட் பேட்டரி 20 சதவீதத்தில் இருந்து 80 சதவீதம் வரை ஏறினால், உள்ளே போனது 18 யூனிட். சப்-மீட்டரில் 20 ஓடியிருந்தால் நல்ல நிலைமை. 21 என்றால் வீட்டு பிளக்கில் சகஜம். 23-ஐ தாண்டினால் ஒயரையும் பிளக்கையும் சோதிக்க வேண்டியதுதான்.

கசிவைக் குறைக்கும் வழிகள் சுலபமானவை. மெயின் போர்டில் இருந்து காருக்கு தனியாக 4 எம்.எம். ஒயர் இழுத்து, நல்ல ஏர்த்தும் டிரிப்பரும் போட வேண்டும். வெயிலில் நின்ற கார் ஆறிய பிறகு, ராத்திரியில் சார்ஜ் போட வேண்டும். தினமும் அரை மணி, கால் மணி என்று துண்டு துண்டாகப் போடாமல், 2 நாளுக்கு ஒரு தடவை சேர்த்துப் போடலாம். ஒவ்வொரு தடவையும் காரின் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும் செலவு அதில் மிச்சம்.

சுவர் சார்ஜர் எல்லோருக்கும் வேண்டுமா? மேலே சொன்ன வீட்டில் அது 2 மாதத்துக்கு சுமார் 25 யூனிட் மிச்சம் பிடிக்கும். அதாவது 240 ரூபாய். நிறைய ஓடுகிற காருக்கு கட்டுப்படியாகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற காருக்கு நல்ல ஒயரே போதும். சுவர் சார்ஜர் போடுகிறவர்கள், வீட்டுக்கு அனுமதித்த லோடு போதுமா என்று முதலில் இ.பி. ஆபீசில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டு இணைப்பிலேயே சொந்த காருக்கு சார்ஜ் போடலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே பயம் வேண்டாம். கார் வாங்க லட்சக்கணக்கில் செலவு செய்கிறவர்கள், அதற்கு முன்பு வாசல் பிளக்கின் ஒயர் எத்தனை எம்.எம். என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது!