சந்தைக்கு ஒரே சாவி

சென்னைப் பட்டணத்துக்குக் 'கும்பினி' என்னும் சொல் புதிதன்று. 1639-ஆம் ஆண்டில் வியாபாரம் செய்வதற்காகக் கடற்கரையோரம் ஒரு துண்டு மணல் நிலம் கேட்டு வந்தவர்கள், கோட்டை கட்டினார்கள்; வரி வசூலித்தார்கள்; நாணயம் அடித்தார்கள்; கடைசியில் நாட்டையே ஆண்டார்கள். தராசு பிடித்த கை எந்த நாளில் செங்கோலைப் பிடித்தது என்பதை ஜனங்கள் உணர்வதற்குள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது.

இன்று கப்பலும் பீரங்கியும் இல்லாமல், நம்முடைய சட்டைப் பைக்குள்ளேயே சில கம்பெனிகள் குடியேறியிருக்கின்றன. கூகுள், மெட்டா, அமேசான், ஆப்பிள் முதலிய இந்த ஸ்தாபனங்களைப் பழைய கும்பினியோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. அவை நமக்குச் செய்திருக்கும் உபகாரங்கள் பல. வழி தெரியாதவனுக்கு வழி காட்டுகின்றன. கடல் கடந்த மகனின் முகத்தைத் தாய்க்குக் காட்டுகின்றன. ஆயினும் பழைய கேள்வி ஒன்றை மறுபடியும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது: சந்தையின் கதவுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது?

இக்கேள்விக்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நந்தனத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சென்றால், ராஜா அண்ணாமலைபுரத்தை அடுத்து எம்.ஆர்.சி. நகர் வரும். 'பாரத் மேட்ரிமோனி' என்னும் வரன் பார்க்கும் சேவையை நடத்தும் கம்பெனியின் தலைமை அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. அதை நிறுவிய முருகவேல் ஜானகிராமன் சென்னைச் சர்வகலாசாலையில் படித்தவர். தரகரும் ஜாதகக் கட்டும் செய்துவந்த வேலையை இணையத்துக்குக் கொண்டுவந்து, 2017-இல் பங்குச் சந்தையிலும் இடம்பெற்ற ஸ்தாபனம் அது.

இந்தக் கம்பெனிக்கும் கூகுளுக்கும் நெடுநாளைய வழக்கு. தேடும் இடத்தில் ஒருவர் ஒரு சொல்லை எழுதினால், அச்சொல்லுக்கு யார் விளம்பரம் தோன்றவேண்டும் என்பதைக் கூகுள் ஏலத்தில் விடுகிறது. ஆகவே ஒரு கடையின் பெயரைச் சொல்லி வழி கேட்பவனுக்கு, முதலில் எதிர்க்கடையின் பலகை தென்படலாம். இதையும் வேறு சில குறைகளையும் எடுத்துக்காட்டி 2012-இல் இந்தியப் போட்டிக் கமிஷனிடம் புகார் செய்யப்பட்டது. ஏலம் பற்றிய குற்றச்சாட்டைக் கமிஷன் ஏற்கவில்லை. ஆனால், தன்னுடைய விமானப் பயணத் தேடல் பெட்டிக்குத் தனிச் சலுகை கொடுத்தது முதலிய காரியங்களில் கூகுள் பாரபட்சம் காட்டியதாகத் தீர்மானித்து, 2018 பிப்ரவரி 8-ஆம் தேதி 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

அதைவிடப் பெரிய தகராறு பிறகு வந்தது. நம் நாட்டுக் கைபேசிகளில் மிகப் பெரும்பாலானவை கூகுளின் ஆண்ட்ராய்டைக் கொண்டு இயங்குபவை. அவற்றுக்குச் செயலிகள் வழங்கும் கடைவீதி 'பிளே ஸ்டோர்'. வீதியும் கூகுளுடையது, வீதியின் வாயிற்கதவும் கூகுளுடையது. செயலிக்குள் சந்தா செலுத்தினால் அத்தொகையில் நூற்றுக்கு 15 முதல் 30 வரை தனக்கு வரவேண்டும் என்றது கூகுள். தன் பணப்பெட்டியிலேயே கட்டணம் விழவேண்டும் என்று வற்புறுத்தியது தவறு என 2022 அக்டோபரில் போட்டிக் கமிஷன் 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பிறகு வேறு பணப்பெட்டியையும் வைத்துக்கொள்ளலாம் என்று கூகுள் இசைந்தது. ஆனால் அப்போதும் நூற்றுக்கு 11 முதல் 26 வரை கட்ட வேண்டும் என்றது. பணப்பெட்டி மாறியும் சுங்கம் முற்றும் நீங்கவில்லை.

பாரத் மேட்ரிமோனியும் வேறு சில கம்பெனிகளும் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறின. அங்கே அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை. 2024 பிப்ரவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் இடைக்காலப் பாதுகாப்பு அளிக்க மறுத்தது. மார்ச் முதல் தேதி வெள்ளிக்கிழமை, பத்துக் கம்பெனிகளின் செயலிகள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டன. பாரத் மேட்ரிமோனி, ஷாதி, நௌக்ரி முதலியவை அவற்றுள் அடக்கம். முன்பே வைத்திருந்தவர்கள் உபயோகிக்கலாம். புதிதாக வருகிறவனுக்குக் கடையே கண்ணில் படாது. கல்யாணத்துக்கு வரன் தேடுகிறவனும், உத்தியோகம் தேடுகிறவனும் அன்று மூடிய கதவைத்தான் பார்த்தார்கள்.

கூகுளின் பக்கத்தையும் கேட்பதே முறை. பிளே ஸ்டோரைக் கட்டுவதற்கும் காப்பதற்கும் பெருஞ்செலவாகிறது. இந்தியாவில் செயலி தயாரிப்பவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் அதைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுள் நூற்றுக்கு மூன்று பேரே கட்டணம் செலுத்த வேண்டியவர்கள். எல்லாரும் கட்டும்போது பத்துப் பேர் மட்டும் நீண்ட காலமாகக் கட்டாமலிருந்தார்கள் என்பது அவர்கள் வாதம். வாடகை தராத குடித்தனக்காரனை வீட்டுக்காரன் எத்தனை நாள் பொறுப்பான் என்று கேட்பது போன்றது இது. கேள்வி சரிதான். ஆனால், ஊரில் வேறு வீடே கிடைக்காதபோது, வாடகை எவ்வளவு என்பதையும் வீட்டுக்காரனே தனியாகத் தீர்மானிப்பது சரியா என்பதும் கேள்விதானே!

கதவு எப்படித் திறந்தது என்பதே கவனிக்க வேண்டிய விஷயம். மத்திய மந்திரி அசுவினி வைஷ்ணவ் தலையிட்டார். இந்த நீக்கத்தை அனுமதிக்க முடியாது என்றார். இரு தரப்பாரையும் கலந்து பேசினார். மார்ச் 5-ஆம் தேதி, செயலிகளை மீண்டும் வைக்கக் கூகுள் சம்மதித்துவிட்டதாக அறிவித்தார். நல்ல காரியந்தான். ஆனால் மந்திரியின் செவிக்கு எட்டும் குரல் எல்லாருக்கும் உண்டா? பத்துப் பெரிய கம்பெனிகளுக்கு உண்டு. மாம்பலத்தில் ஓர் அறையில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறு ஸ்தாபனத்துக்கு இருக்குமா? சட்டத்தினால் கிடைப்பது உரிமை. தயவினால் கிடைப்பது சலுகை. அன்று திறந்த கதவு சலுகையினால் திறந்தது. அபராதமோ, 2025 மார்ச் 28-ஆம் தேதி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தினால் 216.69 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதன் பின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

"கூகுளின் தலைவர் நம்முடைய ஊர்ப் பிள்ளை ஆயிற்றே!" என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். சுந்தர் பிச்சை வளர்ந்த அசோக் நகர், நந்தனத்துக்கு மேற்கே கூப்பிடு தூரம். 2015-இல் அவர் அப்பதவி ஏற்றபோது தமிழ்நாடு முழுவதுமே பெருமிதம் கொண்டது, அப்பெருமிதம் தவறன்று. ஆயினும் கதவைச் சாத்தியவருக்கும் வெளியே நின்றவருக்கும் ஒரே ஊர் என்பதனால் சுங்கத்தில் ஒரு காசும் குறையவில்லை. கம்பெனி முதலில் தன் பங்குதாரருக்கு உழைக்கும். அது அதன் தர்மம். உறவு கொண்டாடுவதனால் நியாயம் கிடைத்துவிடாது.

இலவசம் என்னும் தூண்டிலையும் நாம் அறிவோம். 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, எதிர்த்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை வெட்டிக்கொண்டே போயிற்று. சுதேசிக் கப்பல் அழிந்த பிறகு அந்தத் தாராளத்துக்குத் தேவையில்லாமற் போயிற்று. 2015-இல் பேஸ்புக் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்ற பெயரில், தான் ஏற்கும் சில தளங்களை மட்டும் ஏழைகளுக்கு இலவசமாகக் காட்ட முன்வந்தது. பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. எதைப் பார்க்கலாம் என்பதை இலவசம் கொடுப்பவனே தீர்மானிக்கலாகாது என்று நாட்டில் பலர் எதிர்த்து எழுதினார்கள். 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அத்தகைய பாரபட்சக் கட்டணங்களைத் தடுத்தது. இங்கே வென்றது மந்திரியின் தயவன்று; எழுதி வைத்த விதி.

வியாபாரத்தில் நிற்பதா இந்தச் சாவியின் வல்லமை? செய்திக் கதவையும் அது பூட்டவல்லது. பத்திரிகைகளுக்குப் பணம் தரவேண்டும் என்று கனடா தேசத்துச் சட்டம் கூறியதும், 2023 ஆகஸ்டில் மெட்டா அந்நாட்டில் செய்திகளையே தன் தளங்களிலிருந்து விலக்கிவிட்டது. அதே மாதம் காட்டுத்தீக்கு அஞ்சி ஊரைக் காலி செய்த மக்கள்கூடச் செய்திகளை அங்கே பரிமாற முடியவில்லை.

ராஜீய விஷயத்தையும் பாருங்கள். அமேசான் அதிபர் ஜெஃப் பெசோஸ் 2013-இல் 25 கோடி டாலருக்கு 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையை வாங்கினார். ஈலான் மஸ்க் 2022-இல் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். 2024 அமெரிக்கத் தேர்தலில் 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். 2025 ஜனவரி 20-ஆம் தேதி அந்நாட்டு ஜனாதிபதி பதவியேற்றபோது, மஸ்க், பெசோஸ், ஜுக்கர்பர்க், பிச்சை ஆகியோர், மந்திரிகளாக நியமிக்கப்பட இருந்தவர்களுக்கும் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். தராசு எங்கே முடிந்து செங்கோல் எங்கே தொடங்குகிறது என்பதை அந்த ஆசன வரிசையில் யார் பிரித்துக் காட்ட முடியும்?

இதற்குப் பரிகாரம் அந்நியக் கம்பெனிகளை விரட்டுவதன்று. சுதேசி முதலாளியின் கையில் ஒரே சாவி இருந்தாலும் பூட்டு பூட்டுத்தான். 2020-இல் பேஸ்புக் 43,574 கோடி ரூபாயும், கூகுள் 33,737 கோடி ரூபாயும் ஜியோவில் முதலீடு செய்தன. சுதேசியும் விதேசியும் ஒரே பாயில் உட்கார்ந்துவிட்டபோது, பெயரைக் கொண்டு எதிரியையும் நண்பனையும் பிரிக்க இயலாது. வேண்டுவது, கதவைச் சாத்துவதற்கு முன்பே வாயிற்காப்போனைக் கட்டுப்படுத்தும் விதி. ஐரோப்பாவில் அத்தகைய சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தன. அதே மாதத்தில் நம் நாட்டிலும் ஒரு மசோதாவின் வரைவு வெளியாயிற்று. அதைக் குறித்து முதலாளிகள் பேசுகிறார்கள்; வக்கீல்கள் பேசுகிறார்கள். வீட்டுக் கூடத்தில் பேச்சே இல்லை.

மாணவர்களுக்குக் குடிமைப் பாடம் கற்பிக்கும்போது சட்டசபை, நீதிமன்றம், நிர்வாகம் என்று அதிகாரங்களைப் பிரித்துச் சொல்கிறோம். அப்பட்டியலில் சேராத ஓர் அதிகாரம் அவர்கள் கையிலேயே ஒளிர்கிறது என்பதையும் இனிச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பெரியவர்களும் ஒரு சிறு வழக்கத்தைக் கைக்கொள்ளலாம்: வேண்டிய கடையின் விலாசத்தைத் தாமே எழுதி நேராகச் செல்வது, விரும்பும் பத்திரிகைக்குச் சந்தாவை அதன் அலுவலகத்துக்கே செலுத்துவது, தம் தொகுதிப் பார்லிமெண்ட் அங்கத்தினரிடம் அந்த மசோதா என்னவாயிற்று என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்பது. ஃப்ரீ பேசிக்ஸை நிறுத்தியதில் அத்தகைய கடிதங்களுக்கும் பங்கு உண்டு.