நடந்து வருகிறவரை என்ன செய்வது?

மூச்சுத் திணறி வருகிறவரைக் கவனிக்க மாணவர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஆக்சிஜன், ஊசி, டியூப் என்று கை தானாக ஓடும். அவசர மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் நான் அவர்களோடு மல்லுக்கட்டுவது, தானே நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நோயாளிக்காகத்தான்.

ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. "வாயுப் பிடிப்பு டாக்டர், ஒரு ஊசி போட்டா போயிடும்" என்பார். பி.பி., நாடி, மூச்சு எல்லாம் சரி. பத்து நிமிடத்துக்குள் எடுத்த இ.சி.ஜி.யிலும் கோளாறு இல்லை. ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், வியர்வையும் களைப்புமாக மட்டும்கூட வரலாம். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ட்ரோபோனின் ஏறும். அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் சில மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கிறோம்.

இப்படி வருகிறவருக்கு இதய ஆபத்து எவ்வளவு என்று கணிக்க, நெதர்லாந்து மருத்துவர்கள் 2008-ல் வெளியிட்ட 'ஹார்ட்' மதிப்பெண் இருக்கிறது. நோயாளி சொல்லும் விவரம், இ.சி.ஜி., வயது, சர்க்கரை-புகை போன்ற ஆபத்துக் காரணிகள், ட்ரோபோனின் என ஐந்துக்கும் 0 முதல் 2 வரை. மொத்தம் 3-க்குள் இருந்தால் ஆபத்து குறைவு. கூட்டல் கணக்கு எளிது. முதல் மதிப்பெண்ணுக்கு மட்டும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார வேண்டும்: "படி ஏறும்போது வந்துச்சா? உட்கார்ந்தா குறைஞ்சுதா?"

அடுத்தது, வீட்டுக்கு அனுப்பும் பேச்சு. அதை என் முன்னால்தான் பேச வேண்டும். "ஏதாவதுன்னா வாங்க" என்று முடித்தால் விடமாட்டேன். உதாரணமாக, டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து நிலைமை மோசமாகலாம். வீட்டிலோ குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஆகவே இப்படிச் சொல்லவேண்டும்: "காய்ச்சல் விட்டப்புறம் ரெண்டு நாள் ரொம்பக் கவனமா இருக்கணும்மா. வயிறு வலிச்சா, வாந்தி நிக்கலைன்னா, ஈறுல ரத்தம் வந்தா, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சா, ராத்திரின்னாலும் வந்துடுங்க." கூட வந்தவரை அதைத் திருப்பிச் சொல்லவும் வைக்க வேண்டும்.

இந்தியாவில் அவசர மருத்துவம் தனித்துறையாக அங்கீகாரம் பெற்றது 2009-ல்தான். அதற்குமுன் பல இடங்களில் கேஷுவாலிட்டியின் வேலை, முதலுதவி செய்து வேறு துறைக்கு அனுப்புவதோடு முடிந்தது. இன்று முடிவெடுப்பதும் எங்கள் பொறுப்பு.

டியூப் போட்டதற்கு லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். யாரை அனுப்பலாம், யாரை இன்னும் சில மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்த பிறகுதான் இரவு ட்யூட்டியை நம்பிக் கொடுப்பேன்.