கண்ணாடிப் பேரரசின் இரு வரலாறுகள்

தொலைக்காட்சித் தொடரொன்றின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, அதன் மாந்தரையும் உலகையும் கொண்டு எழுதப்படும் சார்பு நாவல்கள், திரையில் வந்ததை மீறக்கூடாது. நாவலில் வந்ததையோ திரை பொருட்படுத்த வேண்டியதில்லை. இந்த ஒருவழி விதியின் விளைவுகளை ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கண்ணாடிப் பிரபஞ்சத்தில் தெளிவாகக் காணலாம்.

1967 அக்டோபரில் ஒளிபரப்பான, ஜெரோம் பிக்ஸ்பி எழுதிய ‘மிரர், மிரர்’ அத்தியாயத்தில், ஆட்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நொடியில் அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் கருவி அயனிப் புயலில் சிக்கிப் பிறழ்வதால், கேப்டன் கிர்க்கும் மூன்று தோழர்களும் மாற்றுப் பிரபஞ்சமொன்றில் போய் விழுகிறார்கள். அங்கே அமைதி நாடும் கூட்டமைப்புக்குப் பதிலாக, மேலதிகாரியைக் கொன்று பதவி உயரும் டெரன் பேரரசு ஆள்கிறது. விடைபெறும்போது, இப்பேரரசு நிலைக்காது, அதை மாற்று என்று கிர்க் வற்புறுத்த, கிர்க்கின் துணை அதிகாரி ஸ்பாக்கின் அப்பிரபஞ்சப் பிரதியான, தாடி வைத்த ஸ்பாக் அதைப் பரிசீலிப்பதாகச் சொல்கிறார். பிறகு என்ன நடந்தது என்பதைச் சுமார் 27 ஆண்டுகள் தொலைக்காட்சி சொல்லவில்லை.

அந்த வெற்றிடத்தில் டயான் டுவேன் 1993-இல் ‘டார்க் மிரர்’ நாவலை எழுதினார். கிர்க்குக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், பின்வந்த ஸ்டார் ட்ரெக் தொடரொன்றின் கேப்டனான பிகார்டின் காலத்திலும், அதில் பேரரசு கொடூரம் குன்றாமல் கோலோச்சுகிறது. மறு ஆண்டே, மற்றொரு ஸ்டார் ட்ரெக் தொடரான ‘டீப் ஸ்பேஸ் நைன்’-இன் ‘கிராஸ்ஓவர்’ அத்தியாயம் இதற்கு நேரெதிரான வரலாற்றைச் சொன்னது: ஸ்பாக் சீர்திருத்தம் செய்தார், படைபலத்தைக் குறைத்தார், அதனால் தற்காப்பிழந்த பேரரசை, கிளிங்கான், கார்டாசியர் என்னும் வேற்றுக்கிரக இனங்களின் கூட்டணி வீழ்த்தி, மனிதரை அடிமைகளாக்கியது. கொடுங்கோலரசு ஒருவரின் நல்லெண்ணத்தால் இளகிவிடாது என்ற டுவேனின் ஊகம், புனைவின் தர்க்கப்படி, இதைவிடப் பலவீனமானதன்று; ஆயினும் திரை பேசியதும் அந்நாவலின் வரலாறு செல்லாததாயிற்று.

திரை பேசிய பிறகு எழுத வந்தவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. 2005-இல் ‘என்டர்பிரைஸ்’ என்ற ஸ்டார் ட்ரெக் தொடரில், கண்ணாடிப் பிரபஞ்சத்தின் ஹோஷி சாடோ பேரரசியானதைக் காட்டிய அத்தியாயங்களின் எழுத்தாளர் மைக் சஸ்மனே, 2007-இல் வெளிவந்த ‘கிளாஸ் எம்பயர்ஸ்’ தொகுப்புக்காக அக்கதையை அச்சில் தொடர்ந்தார். அதே தொகுப்பில் டேவிட் மாக் எழுதிய குறுநாவலும், அது 2010-இல் விரிந்த ‘தி சாரோஸ் ஆஃப் எம்பயர்’ நாவலும் இன்னும் நுட்பமானவை. ‘கிராஸ்ஓவர்’ சில வசனங்களில் கூறிய வீழ்ச்சியை மாக் மறுக்கவில்லை. மாறாக, அவ்வீழ்ச்சியை முன்னறிந்த ஸ்பாக், அதற்குப் பிந்தைய விடுதலைக்கான வித்தை மறைவாக ஊன்றியே சீர்திருத்தத்தில் இறங்கினார் என்று காரணத்தை மாற்றினார். தொலைக்காட்சி தோல்வியாகக் காட்டியது, ஒரு சொல்லும் முரண்படாமல், நீண்டகாலத் திட்டமாகிறது. சார்பு நாவலாசிரியருக்கு எஞ்சும் சுதந்திரம் நிகழ்வுகளில் அன்று, நோக்கங்களில்தான் இருக்கிறது.

நாவலிலிருந்து திரைக்குச் செல்லும் எதிர்த்திசைப் பயணம் அரிது. கிர்க்கின் கப்பல் அதிகாரி சுலுவின் ‘ஹிகாரு’ என்ற முதற்பெயர், வோண்டா மக்கின்டயரின் 1981 நாவலில் தோன்றி, 1991-இல்தான் திரைப்படத்தில் ஒலித்தது. பெயர் ஏறிய அளவுக்குக் கதைகள் ஏறவில்லை. இருபது ஆண்டுகளாக நாவல்கள் ஒன்றோடொன்று கோத்து வளர்த்த பிற்கால வரலாற்றை, 2020-இல் தொடங்கிய ‘பிகார்ட்’ தொடர் கண்டுகொள்ளவில்லை. அதற்கு விடையாக 2021-இல் டேட்டன் வார்ட், ஜேம்ஸ் ஸ்வாலோ, மாக் ஆகியோர் எழுதிய ‘கோடா’ முந்நாவல், அந்த நாவல்கள் அனைத்தும் காலப்பயணத்தால் மூல வரலாற்றிலிருந்து பிளந்த ஒரு கிளையில் நிகழ்ந்தவை என்று அறிவித்து, பிற உலகங்கள் பிழைக்க அக்கிளை தன்னையே அழித்துக்கொள்வதாக முடிந்தது.