அசோகும் நெட்டிலிங்கமும்: நாட்டுத் தாவரங்களை இனங்காண இணையத்தின் துணை

நாட்டின் பல நகரங்களில் பள்ளிகள், அலுவலகங்கள் ஆகியவற்றின் மதிலோரமாக, கிளைகள் கீழ்நோக்கித் தொங்கக் கூம்புபோல் ஓங்கி நிற்கும் ஒரு மரத்தை வரிசையாகக் காணலாம். வட மாநிலங்களில் மக்கள் அதனை ‘அசோக்’ என்றே வழங்குகின்றனர். ஆயினும் அது அசோகு அன்று. தமிழில் நெட்டிலிங்கம் எனப்படுவது. சீத்தா மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. உண்மையான அசோகோ அவரைக் குடும்பத்து மரம்; புளிக்கு உறவுடையது.

இக்குழப்பம் பெயரளவில் நின்றுவிடுவதில்லை. அசோகின் பட்டை ஆயுர்வேதத்தில் அசோகாரிஷ்டம் முதலிய மருந்துகளுக்கு மூலப்பொருளாகும். சந்தையில் அதற்குப் பதிலாக நெட்டிலிங்கப் பட்டை கலக்கப்படுவதை ஆராய்ச்சிகள் வெளிப்படுத்தியுள்ளன. இயற்கையில் அசோகு குறைந்து வருவதால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களுள் வைத்துள்ளது. களப்பணியாளர் ஒருவர் நெட்டிலிங்கத்தை அசோகெனக் குறித்துவிட்டால், அரிய மரம் மலிந்திருப்பதாகக் கணக்குக் காட்டும். நாற்றங்காலில் அதே பிழை நேர்ந்தால், அது மரமாகிப் பல்லாண்டுகள் நிற்கும்.

18,000-க்கு மேற்பட்ட பூக்கும் தாவர இனங்களைக் கொண்ட இந்நாட்டில் இத்தகைய ஐயங்கள் எழுவது இயல்பே. முன்னர் அவற்றைத் தீர்ப்பதற்குப் பெரிய நூலகத்தையோ உலர்தாவரச் சேகரத்தையோ நாடிச் செல்லவேண்டியிருந்தது. இன்று அவற்றின் செல்வத்தில் பெரும்பகுதி இணையத்தின் வழியே சிற்றூர்ப் பள்ளிக்கும் எட்டுகின்றது. எந்தத் தளம் எந்த வினாவுக்கு விடை தரும் என்பதை அறிந்து, அவற்றை முறைப்படி பயன்படுத்துதல் வேண்டும்.

முதலில் செடியைக் காணுதல்

செல்பேசியைத் திறப்பதற்கு முன் செடியை நன்கு நோக்குதல் வேண்டும். அசோகின் இலை கூட்டிலை. ஒரு காம்பில் பல இணைச் சிற்றிலைகள் அமைந்திருக்கும். நெட்டிலிங்கத்தின் இலை தனியிலை. நீண்டு ஒடுங்கி, விளிம்பு அலையலையாக இருக்கும். சிற்றிலையைத் தனி இலையெனக் கொண்டுவிடாதிருக்க, இலைக்கக்கத்தில் மொட்டு உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். மொட்டு இலையின் அடியில் இருக்கும்; சிற்றிலையின் அடியில் இராது.

பூக்களும் காய்களும் மேலும் தெளிவு தரும். அசோகின் பூங்கொத்து ஆரஞ்சு நிறமாக மலர்ந்து பின்னர்ச் சிவக்கும். அப்பூவில் அல்லி இதழ்களே இல்லை. இதழ்போல் தோன்றுவது நிறம் பெற்ற புல்லிவட்டமாகும். நெட்டிலிங்கத்தின் பூ வெளிறிய பசுமை நிறமும் ஆறு ஒடுங்கிய இதழ்களும் உடையது. முன்னதன் காய் தட்டையான நெற்று. பின்னதற்கு முட்டை வடிவக் கனிகள் கொத்தாகத் தோன்றும். ஆகவே முழுச்செடி, இலையின் இரு பக்கங்கள், பூ, காய், பட்டை ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுத்து, இடம், நாள், நிலத்தின் இயல்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுதல் நன்று. களத்தில் இணையத் தொடர்பு கிட்டாவிடினும், இக்குறிப்பைக் கொண்டு பின்னர் ஆராயலாம்.

படத்தைக் கொண்டு தேடுதல்

பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் படத்தைப் பெற்று, அதனை ஒத்த இனங்களின் பெயர்களைத் தருகின்றன. இவை காட்டுவது ஒப்புமையே அன்றி முடிவன்று. அசோகு, நெட்டிலிங்கம் இரண்டின் தளிர்களும் செம்புநிறமாகத் தொங்குபவை. தளிரை மட்டும் காட்டும் தெளிவற்ற படம் தவறான பெயருக்கு வழிவகுக்கக்கூடும். செயலி தரும் முதற்பெயரை ஏற்றுக்கொள்ளாமல், முதல் மூன்று நான்கு பெயர்களையும் எழுதிக்கொண்டு அடுத்த படிக்குச் செல்லுதல் தக்கது.

‘ஃப்ளவர்ஸ் ஆஃப் இந்தியா’ என்னும் தளம் இந்திய மொழிகள் பலவற்றில் வழங்கும் பெயர்களையும் படங்களையும் தருவதால், வட்டாரப் பெயரிலிருந்து விஞ்ஞானப் பெயருக்குச் செல்ல உதவும். 2008-இல் தொடங்கிய இந்தியப் பல்லுயிர் வலைத்தளத்தில் இனங்களைப் பற்றிய பக்கங்களோடு, பொதுமக்கள் பதிந்த காட்சிகளும் உள்ளன. அங்குப் படத்தைப் பதிந்தால், தாவரவியலறிந்தோர் தம் கருத்தைக் கூறுவர்.

பெயரைச் சரிபார்த்தல்

விஞ்ஞானப் பெயரும் மாறுவதுண்டு. 1872 முதல் 1897 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்த ஹூக்கரின் ‘பிரிட்டிஷ் இந்தியத் தாவரங்கள்’ என்னும் நூலில் அசோகு ‘சராக்கா இண்டிகா’ எனக் குறிக்கப்பட்டுள்ளது. இன்று அப்பெயர் தென்கிழக்கு ஆசியாவின் வேறோர் இனத்துக்கு உரியது. நம் அசோகின் பெயர் ‘சராக்கா அசோக்கா’. பழைய நூலின் பெயரை அப்படியே இணையத்தில் இட்டுத் தேடுபவர் பிறநாட்டு மரத்தின் பக்கத்தை அடைவார். ‘பாலியால்தியா லாங்கிஃபோலியா’ எனப்பட்ட நெட்டிலிங்கமும் 2012-இல் ‘மோனூன்’ என்னும் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. லண்டன் கியூ தாவரத் தோட்டம் 2017-இல் தொடங்கிய ‘பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்’ தளம் ஏற்கப்பட்ட பெயரையும் வழக்கொழிந்த பெயர்களையும் ஒருங்கே காட்டுகிறது.

சான்றோடு ஒப்பிடுதல்

பெயர் தெரிந்த பின்னர் அதனை மெய்ப்பித்தல் வேண்டும். 1890-இல் நிறுவப்பெற்ற இந்தியத் தாவரவியல் ஆய்வகம் தன் உலர்தாவர மாதிரிகளின் படங்களை ‘இந்திய மெய்நிகர் ஹெர்பேரியம்’ என்னும் தளத்தில் 2022 முதல் வழங்குகிறது. ஒவ்வொரு தாளிலும் செடியோடு, சேகரித்தவர், இடம், நாள் ஆகிய குறிப்புகளைக் காணலாம். தென் மாநிலங்களுக்குப் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தீபகற்ப இந்தியத் தாவரத் தளம் ஏற்றது. ஹூக்கரின் நூலையும், 1915-இல் கேம்பிள் தொடங்கிப் பின்னர் ஃபிஷர் 1936-இல் நிறைவுசெய்த சென்னை மாகாணத் தாவர நூலையும் பல்லுயிர் மரபு நூலகத் தளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். இந்நூல்களில் உள்ள திறவுகோல்கள், ‘இலை தனியிலையா, கூட்டிலையா’ என்பது போன்ற இரண்டிரண்டு கூற்றுகளாக அமைந்து, படிப்படியாக விடைக்கு இட்டுச் செல்லும். இவற்றை மாணவர்க்குப் பயிற்றினால், பெயரோடு அப்பெயருக்குரிய காரணத்தையும் அவர்கள் அறிவர்.

நாட்டுத் தாவரமா, வந்தேறியா?

பரவலாகக் காணப்படுவதெல்லாம் நாட்டுத் தாவரமாகாது. குல்மோகர் மடகாஸ்கரிலிருந்தும், தூங்குமூஞ்சி மரம், உண்ணிச்செடி ஆகியவை அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்தும் வந்தவை. கியூ தளத்தின் படம் இயல்பாக வளரும் பகுதிகளையும் கொண்டுவரப்பட்ட பகுதிகளையும் வெவ்வேறு நிறங்களால் காட்டும். ஆனால் அப்படத்தில் தீபகற்பமும் வடக்குச் சமவெளியும் ஒரே வட்டாரமாக அமைந்துள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் செடிக்கும் ராஜஸ்தான் நிறமூட்டப்பட்டுத் தோன்றும். எனவே நடவுக்குத் தெரிவு செய்பவர், தம் மாநிலத் தாவர நூலையும் மாதிரித் தாள்களின் இடக்குறிப்புகளையும் பார்த்தே முடிவுசெய்தல் வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்

படத்தின் ஒப்புமையை நம்பி எச்செடியையும் உண்ணவோ மருந்தாகக் கொள்ளவோ கூடாது. செங்காந்தளின் கிழங்கை உண்ணத்தக்க வள்ளிக்கிழங்கென மயங்கி உண்டவர்கள், அதிலுள்ள கோல்ச்சிசின் என்னும் நஞ்சினால் உயிரிழந்துள்ளனர். அடுத்து, அரிய செடி ஒன்றைக் கண்டால், அது நிற்கும் சரியான இடத்தைப் பொதுத்தளத்தில் வெளியிடலாகாது; பிடுங்கி விற்போருக்கும் அக்குறிப்பு வழிகாட்டும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் இடத்தை மறைத்துப் பதியும் வசதி உண்டு. அதே தகவலை வனத்துறைக்கும் தாவரவியல் ஆய்வகத்தின் வட்டார மையத்துக்கும் நேரே அறிவிக்கலாம்.

முதற் பயிற்சியாக, ஆசிரியர் பள்ளி வளாகத்திலுள்ள மரங்களைப் பட்டியலிடச் செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் வட்டாரப் பெயர், ஏற்கப்பட்ட விஞ்ஞானப் பெயர், தாயகம், அப்பெயரை மெய்ப்பித்த அடையாளம் ஆகிய நான்கையும் எழுதச் செய்தல் போதுமானது. அடையாளம் கிடைக்காத மரத்துக்கு எதிரே ‘ஐயம்’ என எழுதி, அது பூக்கும் காலம்வரை காத்திருக்கலாம். ஐயமென்று குறிக்கப்பட்ட பதிவு பின்னர்த் திருத்தப்படும். துணிந்து தவறாக எழுதப்பட்டதோ கணக்கேறி, உண்மைபோல் நிலைத்துவிடும்.