கடைக்குப் போகாத கைவேலை

நவராத்திரிக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கும் ரவிக்கைத் துண்டு பெரும்பாலும் ரவிக்கை ஆவதில்லை. வாங்கியவர் அதை அலமாரியில் வைக்கிறார். அடுத்த மாதம் ஒரு வளைகாப்புக்குப் போகும்போது எடுத்துக்கொடுக்கிறார். அங்கிருந்து அது ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போகிறது. தையல்கூலி துணி விலையைவிடப் பல மடங்கு ஏறிவிட்ட காலத்தில், எந்தப் புடவைக்கும் பொருந்தாத நிறத்தில் வந்த எண்பது சென்டிமீட்டர் துணியை யார் தைத்துக்கொள்வார்கள்? கொடுக்கும்போதே கொடுப்பவருக்கு இது தெரியும். வாங்குபவருக்கும் தெரியும். அன்பைச் சொல்ல வந்த பொருள் வெறும் கணக்கு தீர்க்கும் பொருளாகிவிட்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

அந்தத் துணியிலிருந்தே தொடங்கலாம். 80 சென்டிமீட்டர் நீளமும் 90 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பிளவுஸ் பிட்டை நீளவாக்கில் இரண்டாகவும் அகலவாக்கில் நான்காகவும் வெட்டினால் எட்டுத் துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் குறுக்கே மடித்து இரண்டு பக்கமும் தைத்தால் ஒரு சுருக்குப் பை. பக்கத் தையலை வாய்வரை கொண்டுபோகக் கூடாது. மேலே இரண்டு விரற்கடை விட்டுவிட்டு, அந்த விளிம்பை உள்பக்கம் மடித்து நாடா ஓடுவதற்கு இடம் வைத்துத் தைக்க வேண்டும். நாடாவுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், பாவாடை நாடா போதும். ஊக்கில் மாட்டி ஒரு நாடாவை இடப்பக்கம் நுழைத்து முழுச்சுற்று சுற்றி அதே பக்கம் எடுத்து முடிச்சுப் போட வேண்டும். இன்னொன்றை வலப்பக்கமிருந்து அதேபோல. இரண்டையும் எதிரெதிரே இழுத்தால் வாய் சுருங்கும். ஒரு நாடா மட்டும் போட்டால் ஒரு பக்கமாகவே சுருங்கி, கொஞ்ச நாளில் துணி கிழியும்.

மெஷின் இல்லாதவர்கள் கையாலேயே தைக்கலாம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமப் பொட்டலம், சின்னதாக ஒரு கண்ணாடி எல்லாம் இதில் அடங்கும். தேங்காய் வைக்க வேண்டுமென்றால் ஒரு துணியில் நான்கு பை என்று பெரிதாக வெட்ட வேண்டும். வீட்டுக்கு வீடு சுற்றிவந்த துணி எட்டு வீடுகளில் நின்றுவிடும். சாவி போட, சில்லறை போட, ஊருக்குப் போகும்போது மாத்திரை போட என்று தினமும் கைக்கு வரும்.

கையால் செய்த பரிசைக் கொடுக்கப் பலருக்குக் கூச்சம் இருக்கிறது. கடையில் வாங்கினால் விலைச்சீட்டு பேசும், கையால் செய்தால் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். நம் வீடுகளில் இந்தக் கூச்சம் முன்பு இருந்ததில்லை. பிள்ளை பெற்றவளுக்கு எது முதலில் போயிற்று? தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டி. தோய்த்துத் தோய்த்து வெண்ணெய்போல ஆன பருத்தியைக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, அடுக்கி எடுத்துக்கொண்டு போவார்கள். பிள்ளைக்குப் புதுத்துணி பிறகுதான் வரும். தூளி கட்டவும் பழம்புடவைதான், புதுப்புடவையில் கட்டினால் கஞ்சி விறைப்பு பிள்ளையின் தோலை உறுத்தும். பழையது என்பதாலேயே அதற்கு மதிப்பு. பாட்டி உடுத்திய புடவையில் பேரப்பிள்ளை தூங்குகிறது என்பதைவிடப் பெரிய அன்பளிப்பை எந்தக் கடையில் வாங்க முடியும்?

இன்றும் இதைச் செய்யலாம். இரண்டு மூன்று பருத்திப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓரங்களைச் சேர்த்து, நடுவில் நெடுக வரிசையாக ஓட்டுத் தையல் போட்டால் கைக்குழந்தைக்கு மெத்தென்ற போர்வை. தையல் வரிசைகளுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளிக்கு மேல் விட்டால் துவைக்கும்போது உள்துணி சுருண்டுவிடும். நைந்த பட்டுப்புடவை இருந்தால் அதன் கதை வேறு. பட்டு மடிப்பு மடிப்பாகக் கிழியும். பல வருடம் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்ததால் வரும் வினை அது. உடல்பகுதி போய்விட்டாலும் பார்டரும் முந்தானையும் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். பழைய பட்டு வாங்குகிறவரிடம் எடைக்குப் போட்டுவிடுவதற்கு முன்னால், முந்தானையில் ஒரு சாண் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினால் கூடத்துச் சுவருக்கு அதைவிட வேறு படம் வேண்டியதில்லை. அம்மாவின் கல்யாணப் புடவை அது என்றால், மகளின் புதுக்குடித்தனத்துக்கு எடுத்துக்கொண்டு போகச் சரியான பொருள்.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் கட்டிங் துண்டுகள் அங்கே எடைக்குக் கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்களுக்கு வீட்டில் இருக்கும் பழைய டீ-சர்ட் போதும். அக்குளுக்குக் கீழே வெட்டி எடுத்து, அந்த உருளைத் துணியை இரண்டு விரல் அகலத்தில் சுருள் சுருளாகவே வெட்டிக்கொண்டு போனால் அறுபடாமல் ஒரே நீள நாடா வரும். அதைப் பிடித்து இழுத்ததும் ஓரங்கள் தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். பின்னல் துணி என்பதால் நெசவுத் துணிபோல நூல் நூலாகப் பிரிந்துவராது. ஓரம் தைக்கிற வேலை மிச்சம். மூன்று கயிறு சேர்த்துச் சடை பின்னி, சடையை வட்டமாகச் சுற்றி ஊசியால் கோத்தால் கால்மிதி.

எனக்கு மிகவும் பிடித்தது காகிதக் கூழ். நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன்பு பல வீடுகளில் மூங்கில் முறத்தை வாங்கியதும் நேராகப் பயன்படுத்த மாட்டார்கள். பழைய காகிதத்தை ஊறவைத்து, ஊறின வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டி, முறத்தின் பொத்தல்களை அடைத்து மெழுகிக் காயவைப்பார்கள். பிறகு மாவு ஒழுகாது, மூங்கில் சிலாம்பு கையில் ஏறாது. அதே கூழைக் கவிழ்த்த பானைமேல் அப்பிக் கூடை செய்வதும் உண்டு. வெந்தயத்தில் இருக்கும் கோந்துத் தன்மைதான் காகித நாரைப் பிடித்துவைக்கிறது. அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கும் பண்ருட்டிக் கொலு பொம்மைக்கும் உடம்பு கொடுப்பது இந்தக் காகிதக் கூழ்தான். கலைஞர்களின் கையில் பொம்மையாகிற அதே சரக்கு நம் வீட்டுப் பரணில் பழைய நாளிதழாகக் கட்டிக் கிடக்கிறது.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். காகிதத்தைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரத்தில் நார் வெளியே நிற்பதால் நன்றாகக் கூடும். வழவழப்பான அட்டைப்பட ஆர்ட் பேப்பர் ஊறாது, ஒதுக்கிவிடுங்கள். தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் ஊறவைத்துப் பிழிந்து, ஊறின வெந்தயத்தோடு வெண்ணெய்போல ஆட்ட வேண்டும். அச்சு மை கலந்தது என்பதால் சமையலுக்கு வைத்திருக்கும் மிக்ஸியில் போட வேண்டாம், பழைய ஆட்டுக்கல் இருந்தால் நல்லது. கவிழ்த்த பாத்திரத்தின்மேல் ஈரத்துணி போர்த்தி, கால் அங்குல கனத்தில் அப்பி நிழலில் ஒரு நாள் வைத்துவிட்டுப் பிறகு வெயிலில் காயவிட வேண்டும். எடுத்தவுடன் வெயிலில் வைத்தால் மேல் காய்ந்து உள் காயாமல் வெடிக்கும். முழுக்கக் காய்ந்தபின் பாத்திரத்திலிருந்து கழன்றுவரும். மேலே செங்காவியும் சுண்ணாம்பும் பூசிக் கோலம் போடலாம். ஈரம் பட்டால் ஊறிவிடும் என்பதால் பழம், பூ, நூல்கண்டு, சாவிக்கொத்து போன்றவற்றுக்கு மட்டும் இந்தக் கூடை ஏற்றது. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் காயாது, பூசணம் பிடிக்கும். ஆகவே கொலுவுக்கு வேண்டுமென்றால் ஆவணியிலேயே தொடங்கிவிட வேண்டும்.

இவ்வளவு நேரம் சொன்னதில் வாங்க வேண்டியவை ஊசி, நூல், கொஞ்சம் வெந்தயம். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கைவேலை என்ற பெயரில் இப்போது நடப்பது வேறு.

எந்த ஸ்டேஷனரிக் கடைக்கும் போய்ப் பாருங்கள். சம்கி, ஜிகினாத் தூள், ஃபோம் ஷீட், தெர்மாகோல் உருண்டை, பிளாஸ்டிக் முத்து, பசைத் துப்பாக்கி, அதற்குக் குச்சி. எல்லாம் பொட்டலம் கட்டி ‘கிராஃப்ட் கிட்’ என்று தொங்குகிறது. பிறந்தநாள் பரிசாக அந்தப் பெட்டியே போகிறது. அதில் இருப்பதை எண் பார்த்து ஒட்டினால் படத்தில் இருப்பது வந்துவிடும். ஒரு வாரம் மேசைமேல் இருக்கும், ஜிகினா உதிர்ந்து தரையெல்லாம் ஒட்டும், பிறகு குப்பைத்தொட்டி. வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரமில்லை, கிட் இருந்தால் குழந்தை ஒரு மணி நேரமாவது கைபேசியை விட்டு உட்காருகிறதே என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் குப்பைக்கென்றே வாங்கப்படும் பொருளைச் செய்வதில் ஒரு குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது என்பது என்னை விட்டுப் போகாத கேள்வி.

ஜிகினாத் தூள் என்பது அலுமினியப் பூச்சு ஏற்றிய பிளாஸ்டிக் ஏட்டைப் பொடிப்பொடியாக வெட்டியது. வீட்டைப் பெருக்கினால் முறத்தில் வருவதைவிட இண்டு இடுக்கில் தங்குவது அதிகம். கழுவினால் சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில், கைவேலைக்கென்று உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் ஜிகினாத் தூளின் விற்பனையைக் கட்டுப்படுத்திவிட்டது. தெர்மாகோலோ பெரும்பகுதி காற்றால் ஆனது. எடை கிடையாது, இடம்தான் அடைக்கும். பழைய பேப்பர்காரர் எடுக்க மாட்டார். கடைசியில் தெருமுனையில் கொளுத்தப்படுகிறது. அந்தக் கரும்புகையை நாம்தான் முகர்கிறோம்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பதினான்கு தடைசெய்யப்பட்டபோது தெர்மாகோல் தட்டும் குவளையும் பட்டியலில் வந்தன. அலங்காரத் தெர்மாகோல் அப்போது அதில் இல்லை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க வந்த தடையில் அலங்காரத்துக்கான தெர்மாகோலும் சேர்ந்துவிட்டது. பலருக்கு இது தெரியாது. மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு காய்கறிக்குப் போகிற அதே வீட்டில், சாயங்காலம் பிள்ளையின் புராஜெக்டுக்காகத் தெர்மாகோல் வெட்டுகிறார்கள்.

பள்ளிப் புராஜெக்ட் என்றதும் நினைவுக்கு வருவது ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’. வீணானதிலிருந்து உருப்படியாக ஒன்று செய்துகொண்டுவா என்பது எவ்வளவு நல்ல எண்ணம்! நடைமுறையில் என்ன ஆகிறது? பிள்ளை ராத்திரி ஒன்பது மணிக்குச் சொல்லும், நாளைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று. அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவார். வீட்டில் காலி ஐஸ்க்ரீம் குச்சி இல்லை என்பதால் கடையில் புதுக் குச்சிக் கட்டு வாங்குவார்கள். காலி பாட்டில் வேண்டும் என்பதற்காகக் குளிர்பானம் வாங்கி ஊற்றிய கதையும் கேட்டிருக்கிறேன். அம்மா பன்னிரண்டு மணிவரை ஒட்டுவார், பிள்ளை தூங்கிவிடும். மறுநாள் வகுப்பில் எந்தத் தாய் நன்றாக ஒட்டியிருக்கிறார் என்பதற்கு மதிப்பெண். மாலையில் எல்லாம் ஒரு மூலையில் குவியும்.

இதில் போவது காசு மட்டும் இல்லை. ஒரு பழம்புடவையைப் பார்த்ததும் இது இன்னும் எதுவாக ஆகும் என்று யோசிக்கிற கண் போகிறது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத, முடிச்சுப் போடத் தெரியாத பத்து வயதுக் குழந்தைகள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சட்டைப் பித்தான் தெறித்தால் சட்டையையே ஒதுக்கிவிடுகிறார்கள். குருத்தோலையில் கிளி மடிக்கத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவராவது இருந்தார். இப்போது கோயில் விழாவுக்கே பிளாஸ்டிக் மாவிலை வந்துவிட்டது. வெட்டியெடுத்த தென்னங்குருத்துக்கு ஆயுள் இரண்டு மூன்று நாள்தான். விழா முடிந்ததும் மாடு தின்னும், அல்லது குப்பைக்குழியில் மக்கும். அரிசிமாவுக் கோலத்தை எறும்பு எடுத்துக்கொள்ளும். வீட்டு அலங்காரம் வருடக்கணக்கில் நீடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? தினமும் புதிதாகப் போட்டதால்தான் கோலம் போடத் தெரிந்த கைகள் இருந்தன.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கைவேலைக்கு மதிப்பெண் போடும்போது, செய்துவந்த பொருளோடு ஒரு துண்டுச்சீட்டும் கேளுங்கள்: இதில் உள்ள ஒவ்வொன்றும் வீட்டில் முன்பு எதுவாக இருந்தது, யாருடையது என்று பிள்ளையே தன் கையால் எழுதிவரட்டும். அத்தையின் தாவணி, தம்பியின் கால்சட்டைப் பை, தேங்காய் துருவியபின் மிஞ்சிய கொட்டாங்கச்சி. கடையில் வாங்கியது என்று இருந்தால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் வேண்டாம். பசைக்கு மைதா காய்ச்சினால் போதும். சுவரொட்டிக்குக் காய்ச்சுகிறவர்கள் அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள், அது நச்சு. பிள்ளைகள் தொடும் பசையில் சேர்க்கக் கூடாது. இரண்டு நாளில் புளித்துவிடும் என்பதால் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சிக்கொள்ளலாம். வீட்டில் செய்து வரச் சொல்வதைவிட வகுப்பிலேயே, வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடில், ஆண்பிள்ளை பெண்பிள்ளை எல்லோரையும் தரையில் உட்காரவைத்துச் செய்யச் சொன்னால் இன்னும் நல்லது. முதல் வாரம் பித்தான் தைப்பது, இரண்டாவது வாரம் சுருக்குப் பை.