மீட்டரில் அளந்த நினைவகம்

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில், கணினி ஓட்டும் சிஎன்சி லேத்துக்கு ப்ரோகிராம் எழுத 1990-களில் வேண்டியிருந்தவை நான்கு: ட்ராயிங், பென்சில், ஒரு நோட்டு, சைன்-காஸ்-டேன் பொத்தான்கள் உள்ள கேசியோ கால்குலேட்டர். இன்று ட்ராயிங்கே கணினிக் கோப்பாக மெயிலில் வருகிறது. கேம் (CAM) மென்பொருள் அதைப் படித்து ப்ரோகிராமை எழுதித் தருகிறது. நோட்டு வருகைப் பதிவுக்குப் போய்விட்டது. கால்குலேட்டர் மட்டும் சூப்பர்வைசர் மேசையில் இன்னும் கிடக்கிறது, பெரும்பாலும் சம்பளக் கணக்குக்காக.

பெங்களூரின் வடமேற்கில், தும்கூர் சாலையை ஒட்டி, 1970-களில் இந்தத் தொழிற்பேட்டை வளர்ந்ததற்குக் காரணம் அக்கம்பக்கத்திலேயே இருந்தது. ஜாலஹள்ளியில் 1953-இல் எச்எம்டி, அடுத்த ஆண்டே பிஇஎல், தும்கூர் சாலையில் 1962-இல் மத்திய இயந்திரக் கருவி நிறுவனம். பெரிய ஆலைகளில் கை பழகியவர்கள் வெளியே வந்து ஷெட் போட்டார்கள். 1979-இல் தொடங்கிய ஏஸ் டிசைனர்ஸ், சிஎன்சி லேத்தையே இங்கே செய்யத் தொடங்கியது. ஐடிஐ, டிப்ளமா முடித்த இளைஞர்கள் கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள்.

அவர்கள் அன்று போட்ட கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். ஒரு தண்டின் முனை 40 மி.மீ. விட்டம், அங்கிருந்து 30 மி.மீ. நீளத்துக்கு, பக்கத்துக்கு 15 டிகிரி டேப்பர். டேப்பர் முடிகிற இடத்தின் விட்டம் ட்ராயிங்கில் இருக்காது. 30-ஐ டேன் 15-ஆல் பெருக்கினால் 8.038. லேத்தில் எக்ஸ் என்பது விட்டக் கணக்கு. ஆகவே இரட்டித்தால் 16.077. நாற்பதோடு கூட்ட 56.077. நோட்டில் ஒரு வரி ஏறும்: ஜி01 எக்ஸ்56.077 இசட்-30.0 எஃப்0.2. டூலின் முனை ஊசிபோல் இருப்பதில்லை, 0.4 அல்லது 0.8 மி.மீ. ஆரத்தில் வளைந்திருக்கும். ஜி42 போட்டால் அந்த வளைவை இயந்திரமே ஈடுசெய்துகொள்ளும். அந்த வசதி இல்லாத பழைய கண்ட்ரோலர் என்றால் அதையும் கையால்தான் போடவேண்டும். தசமப் புள்ளி விட்டுப்போனால் இன்னொரு வம்பு. ஃபனுக் நிறுவனத்தின் பல கண்ட்ரோலர்கள் வெறும் 56-ஐ 0.056 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும், டூல் நேராக ஜாபிலோ சக்கிலோ போய் இடிக்கும். ஆகவே முதல் ஓட்டம் எப்போதும் சிங்கிள் பிளாக்கில். ஒரு வரி ஓடும், நிற்கும். செட்டர் நோட்டைப் பார்ப்பார், அடுத்த வரிக்குப் பொத்தானை அழுத்துவார்.

அந்த நோட்டிலிருந்து ப்ரோகிராம் போய் உட்கார்ந்த நினைவகத்துக்கு அன்று ஒரு விசித்திரமான அளவை இருந்தது. ப்ரோகிராம் ஏற்றப் பயன்பட்ட துளையிட்ட காகித நாடா வழக்கொழிந்த பிறகும், ஃபனுக் தன் கண்ட்ரோலரின் நினைவகத்தை நாடாவின் நீளத்தில்தான் சொல்லிவந்தது. 80 மீட்டர் என்றால் 32 கிலோபைட். ஒரு மீட்டருக்குச் சுமார் 400 எழுத்து. நாற்பது வரி ப்ரோகிராம் இரண்டு மீட்டரில் அடங்கிவிடும். மீட்டர் தீர்ந்தால் பழையதை அழித்தால்தான் புதியதற்கு இடம். அதனால் சுருக்கி எழுதுவது ஒரு வித்தையாகவே வளர்ந்தது. விட்டத்தையும் நீளத்தையும் ஹாஷ் 100, ஹாஷ் 101 என்று மாறிகளில் வைத்து, இஃப், கோ டூ போட்டு, ஒரே உருவத்தின் பத்து அளவுக்கும் ஒரே மேக்ரோ எழுதுவார்கள். இதை எழுதச் சொல்லி முதலாளி கேட்பதில்லை. ஷிஃப்ட் முடிந்த பிறகும் இயந்திரத்தின் முன் நின்றவர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

அதே ஆண்டுகளில் அமெரிக்கப் பள்ளிகளில் கால்குலேட்டரிலேயே நிஜமான விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. வரைபடம் வரையும் கால்குலேட்டரை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது கேசியோ. 1985-இல் வந்த அதன் எஃப்எக்ஸ்-7000ஜி-யில் ப்ரோகிராமுக்கு இருந்த இடம் 422 பைட். 1990-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-81 வந்தது, அதில் 2.4 கிலோபைட். அதற்குக் கேபிள் கிடையாது. நண்பன் எழுதிய விளையாட்டு வேண்டுமென்றால் ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தட்டவேண்டும். 1992-இன் டிஐ-85-இல் கேபிள் வந்தது. அதன் வழியே 1994-இல் மாணவர்கள் ஒரு வழி கண்டார்கள்: நினைவகத்தின் காப்புப் பிரதியில் கைவைத்து, அதைத் திரும்ப ஏற்றி, நிறுவனம் திறந்துவிடாத இயந்திர மொழியை உள்ளே ஓடவிட்டார்கள். இசட்ஷெல் என்று அதற்குப் பெயர். 1999-இல் வந்த டிஐ-83 பிளஸ் இந்தப் பொழுதுபோக்கின் முக்கிய மேடை: 6 மெகாஹெர்ட்ஸ் வேகம், பயனருக்கு 24 கிலோபைட் நினைவகம், 96-க்கு 64 புள்ளி கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை. முழுத்திரைப் படம் ஒன்றுக்கு 768 பைட் போதும். அதற்குள் டெட்ரிஸ் வந்தது, விண்கலச் சண்டை வந்தது, கட்டை அடுக்கிக் கதவைத் தொடும் புதிரும் வந்தது. லேபிள், கோ டூ, ஏ முதல் இசட் வரை மாறிகள் என்று அந்தப் பையன்கள் எழுதிய, கால்குலேட்டரின் சொந்த மொழிக்கும் பீன்யாவின் மேக்ரோவுக்கும் அதிக தூரமில்லை.

நம் ஊரில் அந்தப் பொழுதுபோக்கு வேர்பிடிக்காததற்குக் காரணம் தேர்வுக்கூடம். பள்ளிப் பொதுத்தேர்வுகளில் பெரும்பாலும் கால்குலேட்டருக்கு இடம் இருந்ததில்லை. பொறியியல் கல்லூரியில் ப்ரோகிராம் எழுத முடியாத கேசியோ எஃப்எக்ஸ்-991 வகைதான் உண்டு. பொறியியல் முதுகலை நுழைவுக்கான கேட் தேர்வில் 2016 முதல் அதுவும் வேண்டாம். திரையிலேயே ஒரு கால்குலேட்டர் வந்துவிட்டது. அங்கே பல வகுப்புகளில் கட்டாயமாக இருந்த வரைபடக் கால்குலேட்டர் இங்கே வகுப்புக்குள் நுழையவே இல்லை. சின்ன நினைவகத்தோடு மல்லுக்கட்டும் சுகம் இங்கே மாணவருக்குக் கிட்டாமல், லேத்தின் முன் நின்ற தொழிலாளிக்குக் கிட்டியது.

இன்று கால்குலேட்டரிலும் லேத்திலும் இடநெருக்கடி தீர்ந்துவிட்டது. 2015-இன் டிஐ-84 பிளஸ் சிஇ-யில் 48 மெகாஹெர்ட்ஸ், 320-க்கு 240 புள்ளி கொண்ட வண்ணத்திரை. அந்தத் திரையின் ஒரே ஒரு படம் 150 கிலோபைட். டிஐ-83 பிளஸில் பயனருக்கு இருந்த நினைவகத்தைப்போல் ஆறு மடங்கு. ஆனால் தேர்வில் யாரும் ஏய்த்துவிடக் கூடாது என்ற கவலை கூடவே வளர்ந்தது. 2020-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இந்த வரிசைக் கால்குலேட்டர்களில் இயந்திர மொழி ஓடும் வழியை அடைத்தது. ஆர்வலர்கள் அதே ஆண்டில் மாற்றுவழி கண்டார்கள். அடுத்த ஆண்டு நிறுவனமே பைத்தானைச் சேர்த்தது. முன்பு இடம் இல்லை, யாரும் தடுக்கவும் இல்லை. இப்போது இடம் இருக்கிறது, அனுமதி கேட்கவேண்டியிருக்கிறது. ஆனாலும் பைத்தானில் ஒரு மாணவி முதல் நாளே பந்தை ஓடவிடுகிறாள். இயந்திர மொழியில் அந்தப் பந்தை ஓடவைக்க அன்றைய மாணவனுக்கு வாரக்கணக்கில் பிடித்திருக்கும்.

பீன்யாவின் கணக்கும் இதுபோலத்தான். கேம் மென்பொருள் எழுதும் மோல்டு ப்ரோகிராம் லட்சம் வரியை எளிதில் தாண்டும். வரிக்கு இருபது எழுத்து என்றால், பழைய அளவையில் ஐந்து கிலோமீட்டர் நாடா. நினைவகத்தில் அடங்காமல் முன்பு கேபிளில் சொட்டுச்சொட்டாக அனுப்பிய ப்ரோகிராமை இன்று நெட்வொர்க் ஒரே மூச்சில் இறக்குகிறது. ஐந்து அச்சில் இம்பெல்லர் இறக்கையை வெட்டும் பாதையைக் கையால் கணக்கிட அன்று எவராலும் முடிந்திருக்காது. இன்று அந்த வேலைக்கு இங்கேயே ஆள் உண்டு. டூல் மோதுவது முதலில் கணினித் திரையின் ஒத்திகையிலேயே தெரிந்துவிடுவதால் உடையும் டூலும் குறைவு. 2014 மார்ச்சில் மெட்ரோ பீன்யா வரை வந்துவிட்டது. ஷிஃப்டுக்கு வருபவர்களில் பலர் இப்போது ரயிலில் வருகிறார்கள். இவை எல்லாம் வரவு.

செலவு ஒன்றுதான், ஆனால் சின்னது அல்ல. நாற்பது வரி ப்ரோகிராமை எழுதியவர் முழுதாக அறிந்திருந்தார். எந்த வரியில் டூல் எங்கே நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். லட்சம் வரியை யாரும் படிப்பதில்லை, படிக்கவும் முடியாது. ஆபரேட்டர் லோடு செய்கிறார், ஸ்டார்ட் அழுத்துகிறார், ஆஃப்செட்டில் இரண்டு மைக்ரான் கூட்டிக் குறைக்கிறார். அளவு தப்பினால் மாடியில் குளிர்சாதன அறையில் இருக்கும் ப்ரோகிராமரைக் கூப்பிடவேண்டும். எழுதுபவரும் ஓட்டுபவரும் ஒரே ஆளாக இருந்த காலம் பெரும்பாலான ஷெட்டுகளில் முடிந்துவிட்டது. சம்பளமும் அதே கோட்டில் இரண்டாகப் பிரிந்தது.

ஆனாலும் ஐடிஐ வகுப்பில் இன்றும் கையால்தான் ப்ரோகிராம் எழுதச் சொல்லித் தருகிறார்கள். டேப்பர் கணக்கும் ஜி42-வும் அதில் உண்டு. வேலைக்குச் சேர்ந்தபின் தேவைப்படாத பாடம் என்று பையன்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாதி வேலையில் மின்சாரம் போய்த் திரும்பும்போது, எந்த வரியிலிருந்து மீண்டும் தொடங்கலாம் என்பதைத் திரையில் ஓடும் எண்களைப் படிக்கத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். இரவு ஷிஃப்டில் மாடியறை பூட்டியிருக்கும். அந்த நேரத்தில் ஷெட்டில் அப்படி ஒருவர் இருந்தால் ஜாப் பிழைக்கும், இல்லையென்றால் விடியும்வரை இயந்திரம் நிற்கும்.