மோடத்தின் இரண்டாவது கடவுச்சொல்

2017ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசி வாரத்தில், கர்நாடகத்தில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் இணைப்பு வைத்திருந்த வாடிக்கையாளர் பலருக்கு இணையம் திடீரெனத் துண்டிக்கப்பட்டது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்த மோடம்களை, மால்வேர் எனப்படும் தீநிரல் ஒன்று செயலிழக்கச் செய்திருந்தது. நாட்டின் பிற பகுதிகளையும் சேர்த்து 60,000-க்கும் மேற்பட்ட மோடம்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வெளியாயின. அந்த நிரல் உள்ளே நுழையப் பெரிய தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பயனர்பெயர் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்'. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே மோடம்கள் இயங்கிக்கொண்டிருந்தன. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

இச்செய்தியைக் கேட்ட பலர், 'எங்கள் வைஃபைக்குக் கடவுச்சொல் இருக்கிறதே' என்று நிம்மதி கொள்வது இயல்பு. ஆனால் இங்கே பேசப்படுவது வேறொரு கடவுச்சொல். வீட்டு மோடத்திற்கு, அல்லது ரூட்டருக்கு, இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. கைப்பேசியை வைஃபையில் இணைக்கும்போது கேட்கப்படுவது முதலாவது. ரூட்டரின் அமைப்புகளை மாற்றுவதற்கான நிர்வாகக் கடவுச்சொல் இரண்டாவது. முதலாவதை விருந்தினர்க்கெல்லாம் சொல்கிறோம். இரண்டாவது ஒன்று இருப்பதையே பலர் அறிவதில்லை. இணைப்பு கொடுக்க வந்த ஊழியர் அமைத்துவிட்டுப் போனதோடு சரி.

முதலாவது கடவுச்சொல் முக்கியமற்றது என்பதில்லை. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன்னர் ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் பாதுகாப்பற்ற வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. காவல்துறை தேடிச் சென்றது அவருடைய வீட்டைத்தான். திறந்துகிடக்கும் வைஃபையை அயலார் பயன்படுத்தினால், அதன் தடயம் இணைப்பின் உரிமையாளர் பெயரிலேயே பதிவாகும்.

வங்கி என்ற முறையில் எங்களுக்கு மிகுந்த கவலை தருவது இரண்டாவது கடவுச்சொல்தான். அதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இணைய உலாவியில் வங்கியின் முகவரியைத் தட்டச்சு செய்யும்போது, அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கண்டறிய, கணினி டி.என்.எஸ். என்னும் சேவையை நாடுகிறது. தொலைபேசி விவரத்திரட்டில் பெயரைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிப்பது போன்றது இது. எந்த விவரத்திரட்டைப் பார்ப்பது என்பதைப் பெரும்பாலான வீடுகளில் ரூட்டரே தீர்மானிக்கிறது. நிர்வாகக் கடவுச்சொல்லை அறிந்த ஒருவர், உண்மையான விவரத்திரட்டை அகற்றிவிட்டுப் போலியான ஒன்றை அங்கே வைத்துவிடலாம். அதன்பின் முகவரியை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்தாலும் போலித் தளத்திற்கே போய்ச் சேர்வோம். கணினியில் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் இருந்தும் பயனில்லாமல் போகலாம். ஏனெனில் மாற்றம் நிகழ்ந்தது கணினியில் அன்று.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. பிரேசில் நாட்டில் 2011இல் சுமார் 45 லட்சம் மோடம்கள் இவ்வாறே கைப்பற்றப்பட்டன. பிரபலமான தளங்களைத் தேடிச் சென்றோர் தீநிரலை நிறுவுமாறு தூண்டப்பட்டனர்; வங்கி வாடிக்கையாளர்களின் விவரங்கள் களவாடப்பட்டன.

இத்தகைய திருப்பிவிடல் நிகழும்போது உலாவி பெரும்பாலும் நம்மை எச்சரிக்கும். போலித் தளத்திடம் வங்கியின் பெயரிலான மெய்யான சான்றிதழ் இராது; எனவே இணைப்பு பாதுகாப்பானதன்று என்ற அறிவிப்பு திரையில் தோன்றும். அவசரத்தில் பலர் 'தொடர்க' என்பதை அழுத்திவிடுகின்றனர். வங்கித் தளத்தில் இந்த எச்சரிக்கை வந்தால், எக்காரணம் கொண்டும் தொடர வேண்டாம். வைஃபையைத் துண்டித்துவிட்டு, கைப்பேசியின் டேட்டா வழியாகத் தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே எச்சரிக்கை வரவில்லையெனில், ஐயம் ரூட்டரின் மீதே விழுகிறது. ஒன்றை இங்கே பிரித்தறிய வேண்டும்: குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை அழுத்திச் செல்லும் போலித் தளத்தில் பூட்டுக் குறி சரியாகவே இருக்கலாம், முகவரிதான் சற்று மாறியிருக்கும். ரூட்டர் கைப்பற்றப்பட்ட நிலையில் முகவரி சரியாக இருக்கும், சான்றிதழ்தான் காட்டிக்கொடுக்கும். ஆகவே இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றப் பத்து நிமிடம் போதும். ரூட்டரின் அடிப்பகுதியில் ஒட்டப்பட்டுள்ள தாளில் அதன் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. வீட்டு இணைப்பில் இருந்தபடி அதை உலாவியில் இட்டு நுழைந்து, நீளமான புதிய கடவுச்சொல்லை அமையுங்கள். அதை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து ஊடுருவுபவர் உங்கள் அலமாரியைத் திறக்கப் போவதில்லை! உள்ளே நுழைந்த கையோடு, வெளியிலிருந்து ரூட்டரை இயக்கும் தொலைநிலை நிர்வாக வசதியையும், டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியையும் நிறுத்திவிடுங்கள். வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 ஆக இருக்கட்டும். ரூட்டருக்குரிய மென்பொருள் புதுப்பிப்பு வந்திருந்தால் நிறுவிவிடுங்கள். சில நிறுவனங்கள் நிர்வாக உரிமையைத் தம் வசமே வைத்திருக்கும். அவ்வாறாயின் அவர்களுடைய வாடிக்கையாளர் சேவையிடம் மாற்றித் தரக் கேட்க வேண்டும். மறுநிலைப்படுத்தும் பொத்தானை அழுத்தினால் பழைய 'அட்மின்' திரும்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பழுது நீக்கிய பின் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வைஃபையின் பெயரை மறைத்துவைத்தால் போதும் என்று சிலர் அறிவுரை கூறுவர். அதனால் பெரும் பயன் இல்லை என்பதே எங்கள் கருத்து. மறைந்த பெயரைக் கண்டறியும் கருவிகள் எளிதில் கிடைக்கின்றன.

பெங்களூரில் வாடகை வீடுகளில் குடியிருப்போர் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். முன்பு குடியிருந்தவர் விட்டுச்சென்ற ரூட்டரையே பயன்படுத்துவதாயின், இரு கடவுச்சொற்களையும் குடிபுகுந்த அன்றே மாற்றுவது நல்லது. விருந்தினர்க்கும், கேமரா, தொலைக்காட்சி போன்ற கருவிகளுக்கும் 'கெஸ்ட்' இணைப்பைத் தனியே ஒதுக்கிவிட்டு, வங்கிப் பணி செய்யும் கணினியை முதன்மை இணைப்பில் வைத்துக்கொள்ளலாம். கணினியிலோ கைப்பேசியிலோ தீநிரல் இருப்பதாக ஐயம் எழுந்தால், மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா அதை நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்குகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் காலமே முக்கியம். உடனே வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். 1930 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் செய்யுங்கள். வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறில்லாத மோசடியில், வங்கியின் அறிவிப்பு கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு இழப்பில் பொறுப்பில்லை என்று 2017 ஜூலை 6 நாளிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை வகுத்தது. 4 முதல் 7 வேலை நாட்கள் வரை தாமதித்தால் குறிப்பிட்ட வரம்பு வரை இழப்பை ஏற்க நேரும். கடவுச்சொல்லையோ ஓ.டி.பி.யையோ தாமே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு முழுவதும் வாடிக்கையாளரையே சாரும். பரிவர்த்தனைக் குறுஞ்செய்திகள் வந்துசேர, கணக்கில் பதிவாகியுள்ள கைப்பேசி எண் நடப்பில் உள்ளதா என்பதை அடுத்த முறை கிளைக்கு வரும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.